ஊரெல்லாம் ஸ்தாபகர்

அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கிறவனுக்கு ஈயத்தால் வருகிற வயிற்றுவலியைவிட ஸ்தாபகர்களால் வருகிற வயிற்றெரிச்சல்தான் பெரிது.

புளியந்தீவில், வாவிக்கரைக்கு இறங்குகிற தெருவில் ஒரு சின்ன அச்சகம். அதில் பதினான்கு வருஷம் நின்றேன். நின்றேன் என்று சும்மா சொல்லவில்லை. எழுத்துக் கோர்க்கிறவனுக்குக் கதிரை கிடையாது. கலியாணக் கடிதம், மரண அறிவித்தல், கூத்து நோட்டீஸ், கடை விளம்பரம் எல்லாம் என் விரல்களுக்குள்ளால்தான் போயின. மட்டக்களப்புக்கு ரெயில் வந்து கொஞ்சக் காலம். ஊருக்கு ஊர் சங்கம், வாசிகசாலை, பாடசாலை என்று ஏதோ ஒன்று தொடங்கிக்கொண்டே இருந்தார்கள். தொடங்குகிறவர் ஒருவராகத்தான் இருப்பார். நான்தான் தொடங்கினேன் என்று எங்கள் படியேறுகிறவர்கள் பத்துப் பேர்.

நீங்களும் எங்காவது ஒரு திறப்புவிழாவில் மாட்டுப்பட்டிருப்பீர்கள். வெயிலில் குந்தியிருந்து ஐந்து ஸ்தாபகர்களின் பேச்சைக் கேட்டிருப்பீர்கள். உங்களுக்கு ஒரு பின்னேரம் போயிருக்கும், அவ்வளவுதான். நான் அவர்களை எழுத்தெழுத்தாகப் பொறுக்கி, இடம் வலம் மாற்றிக் கோர்த்து, மை தடவி ஊருக்கு அனுப்பியவன். ஆகவே என் கோபம் உங்கள் கோபத்தைவிட ஒரு பிடி கூடத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ் தீர்ந்த நாள்

கிரானில் ஒரு வாசிகசாலை கட்டினார்கள். குந்தியிருக்க இரண்டு வாங்கு, ஒரு மேசை, மூன்று நாள் பிந்தி வருகிற ஒரு பத்திரிகை. திறப்புவிழா நோட்டீசுக்கு எழுதிக் கொண்டுவந்த தாளைப் பார்த்தால் பதினொரு ஸ்தாபகர்கள். அத்தனை பேரும் ஒரேநேரத்தில் உள்ளே போனால் பத்திரிகை வெளியேதான் நிற்கவேண்டும். வாங்கு தந்தவர் ஸ்தாபகர், மேசை தந்தவர் ஸ்தாபகர், மேசையை வண்டியில் ஏற்றிவந்தவரும் ஸ்தாபகர். கடைசிப் பேருக்குரியவர் என்ன செய்தார் என்று கேட்டேன். அவர் ஒன்றும் செய்யவில்லையாம், ஆனால் எதிர்க்கவில்லையாம்.

எல்லாரையும் 'ஸ்தாபகர்கள்' என்று ஒரே தலைப்பின்கீழ் போடுவோம் என்றேன். கேட்கமாட்டோம் என்றார்கள். ஒவ்வொரு பேருக்கு முன்னாலும் தனித்தனியாக வேண்டுமாம். எங்கள் எழுத்துப் பெட்டியில் அந்தப் பருமனில் ஸ் என்கிற எழுத்து ஏழே ஏழுதான் கிடந்தது. ஏழு ஸ்தாபகரோடு ஸ் முடிந்தது. எட்டாமவரிலிருந்து 'தாபகர்' என்று போட்டேன். தமிழுக்கு அதுதான் பொருத்தம் என்று படித்தவர்களும் எழுதுகிறார்கள், பிழையொன்றுமில்லை. எட்டாமவர் மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார். அவருடைய பேருக்கு முன்னால் ஓர் எழுத்துக் குறைகிறதாம். ஐயா, உங்களுக்குப் போட்டதுதான் சரியான சொல் என்று நான் எவ்வளவோ எடுத்துச் சொன்னேன்.

"சரியான சொல்ல அவனுக்குப் போடு தம்பி. அவனுக்குப் போட்டத எனக்குப் போடு."

ஆதிக்கும் முந்திய கடை

காத்தான்குடியில், இடுப்பில் கட்டுகிற சாரன் விற்கிற வியாபாரி ஒருவர் விளம்பரம் அடிக்க வந்தார். 'இவ்வூரில் சாரன் வியாபாரத்தை ஆதியில் ஆரம்பித்தவர்கள்' என்று போடச் சொன்னார். போட்டேன். ஒரு கிழமை போகவில்லை, அவருடைய கடைக்கு எதிர்க்கடைக்காரர் வந்தார். 'ஆதிமுதல் ஆரம்பித்தவர்கள்' என்று அவருக்கு வேண்டும். அதையும் போட்டேன். முதல் ஆள் திரும்பி வந்தார். 'அசல் ஆதிமுதல்.' இரண்டாம் ஆள் விடுவாரா? 'ஆதிக்கும் முந்திய.' ஆதிக்கு முந்தி என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டதற்கு, அது உங்களுக்கெதற்கு, கோர்க்கிறது மட்டும் உங்கள் வேலை என்றார். எனக்கு வந்த எரிச்சலில் அன்று நாலு எழுத்தைக் கீழே போட்டேன்.

கடைசியில் இரண்டு பேருக்கும் பெரியவாப்பா முறையான ஒருவர் வந்து சேர்ந்தார். இரண்டு கடைக்காரரும் பிறக்குமுன்னே துணிமூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஊரூராய்த் திரிந்தவர். இரண்டு விளம்பரத் தாளையும் என் முன்னால் வைத்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"ஆதியெண்டா ஆதம் அலைஹிஸ்ஸலாம் மட்டுந்தான் தம்பி. இவனுகள் ரெண்டு பேரும் மறுகா வந்தவனுகள். ரெண்டையும் நிப்பாட்டுங்க."

கர்த்தா

இது என் பிழையும் கலந்தது. மறைக்கவில்லை.

வாவியில் தோணி வைத்திருக்கிற மீன்பிடிகாரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். அதற்கு உண்மையாகவே ஓடித்திரிந்தவர் நாகப்பர் என்கிற ஒரு நல்ல மனிதர். ஸ்தாபகர் என்கிற சொல் கண்டவனெல்லாம் போட்டு எச்சிலாகிவிட்டது, தனக்கு வேறொரு சொல் வேண்டும் என்று வந்தார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. யாரோ ஒரு வாத்தியார் அவருக்குக் 'கர்த்தா' என்று எழுதிக் கொடுத்திருந்தார். செய்தவர் என்று பொருள். நான் அதைக் கொட்டை எழுத்தில் கோர்த்து, எடுப்பாக இருக்கட்டும் என்று சுற்றிவரத் தடித்த கறுப்புக்கோடும் கட்டினேன்.

எங்கள் பக்கத்தில் கர்த்தா என்றால் செத்தவீட்டில் கொள்ளி வைத்து, கிரியை செய்கிற ஆள். அது எனக்கும் தெரியும், வாத்தியாருக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் இரண்டு பேருக்கும் ஓடவில்லை. 'கர்த்தா: நாகப்பர்' என்று கறுப்புக்கோட்டுக்குள்ளே கண்ட ஊர், மிச்சத்தை எழுத்துக்கூட்டி வாசிக்காமலே மரண அறிவித்தல் என்று எடுத்துக்கொண்டது. நோட்டீஸ் ஒட்டின அன்று பகலே நாகப்பர் ஈரச்சாரனோடு அச்சகத்துக்கு வந்தார்.

"என்ட வீட்டுல பொண்டுகள் குந்தியிருந்து அழுகுதுகள். ஆரு செத்த எண்டு அதுகளுக்கும் தெரியா, எனக்கும் தெரியா. நீதான் சொல்லணும்."

பெண்பால் இல்லாத சொல்

இவ்வளவும் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. இனிச் சொல்லப்போகிறதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சூடேறும்.

செட்டிபாளையத்தில் தங்கப்பிள்ளை என்று ஒருவர். புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். தாய் சீதனமாகக் கொடுத்த வளவில் இருந்த மாட்டுக்கொட்டிலைக் கழுவி, மணல் பரப்பி, ஐந்தாறு பெண்பிள்ளைகளை இருத்தி எழுத்துச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். அந்த ஊரில் கலியாணம் முடித்த என் தங்கச்சியின் மகள் அங்கே படித்துத்தான், நான் அடிக்கிற நோட்டீசை எனக்கே வாசித்துக் காட்டினாள். அந்த நாளில் ஊர்ப் பெரியவர் கந்தப்போடியார் என்ன சொன்னார் தெரியுமா? பொம்பிளைப் பிள்ளைக்கு எழுத்தெதற்கு, ஆருக்குக் கடிதம் எழுதப்போகிறாள் என்று கேட்டவர் அவர். வாவிக்கு அக்கரையில் ஒரு வயல்வட்டை முழுவதும் அவருடையது. அவர் வாய்திறந்தால் ஊர் வாய்மூடும். அதையும் தாண்டித்தான் தங்கப்பிள்ளை எட்டு வருஷம் நடத்தினார். பிள்ளைகள் அறுபது ஆனார்கள்.

அறுபது ஆனதும் அரசாங்கக் கல்விக் கந்தோர் அந்தப் பள்ளிக்கூடத்தைத் தன் பதிவு இடாப்பில் சேர்க்க இணங்கியது. உடனே ஒரு கமிட்டி முளைத்தது. போடியார் மரமும் ஓடும் கொடுத்தார். இல்லையென்று சொல்லமாட்டேன், நல்ல மரம். கொட்டில் இருந்த இடத்தில் கட்டடம் எழும்பியது. திறப்புவிழாவுக்கு நோட்டீஸ் அடிக்கக் கமிட்டிக் காரியதரிசி சாமித்தம்பி வந்தார். 'ஸ்தாபகர்: கந்தப்போடியார்.' தாளைப் பின்பக்கமும் திருப்பிப் பார்த்தேன். தங்கப்பிள்ளை என்று ஓரிடத்திலும் இல்லை.

இது வெறும் பேர்ப் பிரச்சினை என்று நினைத்துவிடாதீர்கள். திறப்புவிழாவுக்குக் கல்விக் கந்தோர் இன்ஸ்பெக்டர் வருவார். நோட்டீசில் ஸ்தாபகர் யாரோ அவரைத்தான் பள்ளிக்கூடத்து மனேச்சர் என்று எழுதிக்கொண்டு போவார். யார் படிப்பிக்கிறது, யாரை வீட்டுக்கு அனுப்புகிறது என்பது மனேச்சர் கையில். வாத்தியார் பரீட்சை பாஸ் பண்ணின தன் மருமகனைப் போடியார் ஏற்கெனவே கூப்பிட்டு வைத்திருந்தார். தங்கப்பிள்ளையிடம் பரீட்சைப் பத்திரம் ஒன்றும் கிடையாது. அந்த ஒரு சொல் அச்சில் வந்தால், தன்னுடைய வளவில், தன்னுடைய பள்ளிக்கூடத்தில் அவருக்கு இடமில்லை.

தங்கப்பிள்ளையக்காவின் பேர் எங்கே என்று கேட்டேன். சாமித்தம்பி ஒரு வரி ஒழுங்காக எழுதத் தெரியாத மனிதர். அந்தத் தாளிலேயே ஒன்பது எழுத்துப் பிழை. அவர் எனக்கு இலக்கணம் சொன்னார்.

"ஸ்தாபகர் எண்டதுக்குப் பெண்பால் இல்லையே தம்பி. இலக்கணத்தில இல்லாதத நாங்க எப்பிடிப் போடுற?"

ஒரு பிழையும் இல்லை

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். கோர்த்தேன். எங்கள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. தாளில் கண்டதைக் கோர், உன் மூளையை வீட்டில் வைத்துவிட்டு வா. பதினான்கு வருஷமும் நான் ஒளிந்திருந்த இடம் அதுதான். ஸ்தாபகர்களைத் திட்டித் திட்டியே அவர்களை உண்டாக்கிக்கொண்டிருந்தவன் நான். அந்த ஒன்பது பிழையையும் திருத்தி, போடியாரின் பேரை நடுவில் வைத்து, அழகாகக் கோர்த்து முடித்தேன். ஒத்துப்பார்க்க ஒரு தாள் அடித்துக் கொடியில் காயப்போட்டேன்.

அடுத்தநாள் காலை தங்கப்பிள்ளையக்கா வந்தார். முதல்நாள் இரவு தங்கச்சி வீட்டில் நான் புலம்பியதை அவள் மகள் போய்ச் சொல்லியிருக்கிறாள். நாற்பது வயதிருக்கும், வெள்ளைச் சீலை, கையில் குடை. அச்சக முதலாளி எழும்பி நின்றார். அக்கா அவரைப் பார்க்கவில்லை. கொடியில் கிடந்த தாளைப் பிடித்து மேலிருந்து கீழ்வரை வாசித்தார். ஆர் இதைக் கோர்த்தது என்று கேட்டார். நான்தான் அக்கா என்றேன். திட்டுவார், நானும் இரண்டு நியாயம் சொல்லலாம் என்று நின்றேன்.

"வடிவாக் கோர்த்திருக்காய் தம்பி. என்ட பள்ளிக்கூடத்த என்னட்ட இருந்து பறிச்சுக் குடுத்திருக்காய், ஒரு எழுத்தும் பிழைக்காம."

நான் தெரிந்தெடுத்த சொல்

அதற்குப்பிறகும் சும்மா நின்றால் நான் மனிதனா? பெட்டிக்கு முன்னால் போய் நின்றேன். என்ன சொல் போட அக்கா என்று கேட்டேன். ஸ்தாபகி என்றால் இல்லாத சொல் என்று கமிட்டி கிழித்தெறியும். முன்னோடி என்றால் முன்னே ஓடினவர் ஆர் என்று சாமித்தம்பி கேட்பார். உதவி செய்தவர் என்று போட எனக்கு மனம் வரவில்லை. அக்கா குடையை ஊன்றிக்கொண்டு, நான் தொடக்கினன், அதப் போடு என்றார். எனக்கு அது சரியாகப் பட்டது. 'இப்பாடசாலையைத் தொடக்கியவர்: தங்கப்பிள்ளை.' ஆணுக்கும் பொருந்தும், பெண்ணுக்கும் பொருந்தும், எந்த இலக்கணமும் வாய்திறக்க முடியாது. போடியாரின் பேருக்கு என்ன பருமனோ அதே பருமனில் கோர்த்தேன்.

முதலாளி பயந்த மனிதர். போடியாரின் வீட்டுக் கலியாணக் கடிதமெல்லாம் எங்களிடம்தான் வரும். அந்த வரியை எடு என்றார். வரி போனால் நானும் போகிறேன் என்றேன். வாழ்க்கையில் முதலாளியிடம் அப்படிப் பேசினது அன்றைக்குத்தான். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். காரியதரிசி பார்த்துவிட்டுச் சரியென்றால் அடி, இல்லையென்றால் நீயே பதில் சொல் என்றார்.

சாமித்தம்பி பின்னேரம் வந்தார். வரியைக் கண்டார். கத்துவார் என்று காத்திருந்தேன். மனிதர் சிரித்தார். விழுந்துவிழுந்து சிரித்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் பக்கத்தில் தொடக்கு என்றால் தீட்டு. பிள்ளை பிறந்த வீடு தொடக்கு வீடு, செத்தவீடு தொடக்கு வீடு, மாதத்தில் மூன்று நாள் ஒதுங்கியிருக்கிற பெண் தொடக்குக்காரி. கர்த்தாவில் அடிபட்ட நானே மறுபடியும் போய் விழுந்திருக்கிறேன். ஒரு மரியாதையான பெண்ணின் பேரை ஊர் வாயில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். வேறு சொல் போடுகிறேன், தாளைத் தாருங்கள் என்று கையை நீட்டினேன். சாமித்தம்பி தரவில்லை.

"வேணாம் தம்பி, இதுதான் நல்லம். அவ தானாத் தொடக்குக்காரி எண்டு நோட்டீஸ் அடிச்சிருக்கா. ஊர் பார்க்கட்டும்."

முழுப்பேர்

திறப்புவிழாவுக்கு நான் மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அக்கா கேட்கவே விடவில்லை. பிள்ளைகளை வரிசையாக இருத்துவதிலேயே நின்றார். பந்தல் நிறைந்த சனம். எல்லார் கையிலும் என் நோட்டீஸ். ஒருவர் காதில் ஒருவர் சொல்லிச் சிரிக்கிறார்கள். சாமித்தம்பி அங்குமிங்கும் போய் அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டிக்கொண்டு திரிந்தார். எனக்கு அந்த நேரம் அந்தத் தாள்களை எல்லாம் பறித்து வாவிக்குள் போடலாம் போலிருந்தது.

இன்ஸ்பெக்டர் யாழ்ப்பாணப் பக்கத்து மனிதர், வயதானவர். மேடையில் இருந்து நோட்டீசை இரண்டுதரம் வாசித்தார். இதில் ஸ்தாபகர் என்று ஒருவர் இருக்கிறார், தொடக்கியவர் என்று ஒருவர் இருக்கிறார், மனேச்சர் என்று ஆரை எழுதுகிறது என்று கேட்டார். போடியார் கதிரையில் நிமிர்ந்தார். சாமித்தம்பி முந்திக்கொண்டு, ஐயா, அது தொடக்கு, அதைக் கழிச்சுப்போட்டு மற்றதை எழுதுங்க என்றார். பந்தல் கொல்லென்று சிரித்தது. ஆண்கள் சிரித்தார்கள், அவர்களைப் பார்த்துச் சில பெண்களும் சிரித்தார்கள்.

தங்கப்பிள்ளையக்கா பிள்ளைகளுக்கு நடுவில் இருந்து எழும்பினார். குரலை உயர்த்தவில்லை.

"ஓம் ஐயா, அவர் சொல்லுறது சரிதான். அது தொடக்குத்தான். இந்தப் பந்தலுக்குள்ள தொடக்கில்லாமப் பிறந்த ஆம்பிள ஒருத்தர் இருந்தா எழும்பச் சொல்லுங்க. அவர்ட பேர எழுதிக்கொண்டு போங்க."

ஒருவரும் எழும்பவில்லை. இன்ஸ்பெக்டர் போடியாரின் பக்கம் திரும்பி, இந்த வளவு ஆருடையது என்று கேட்டார். போடியார், அவட சீதனக் காணி என்றார். முதல்நாள் படிப்பிச்சது ஆர் என்று கேட்டார். போடியார் தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டு, அவதான் என்றார். பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அதை நான் அவருக்கு இன்றைக்கும் மதிக்கிறேன். இன்ஸ்பெக்டர் இடாப்பைத் திறந்து, பேனையை மைக்கூட்டில் தோய்த்தார். அக்கா நின்ற பக்கம் பார்த்தார்.

"உங்கட முழுப்பேரைச் சொல்லுங்கோ அம்மா, எழுத வேணும்."

ஆக, பதினான்கு வருஷத்தில் நான் கோர்த்துவிட்ட ஸ்தாபகர்களில் ஒருவரைக்கூட இலக்கணம் தடுக்கவில்லை. ஒன்றை உண்மையாகவே தொடக்கின ஒரு பெண் வந்தபோதுதான் அதற்குத் திடீரென்று பெண்பால் ஞாபகம் வந்தது.